சமைத்து எவ்வளவு நேரமாயிற்று?

ஜொகூர் பாருவுக்கு வருகிறவர்கள் சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்பது, ஒட்டுக்கடையில் சாப்பிடலாமா, ஏசி போட்ட உணவகத்தைத்தான் தேட வேண்டுமா என்பது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் வயிறு பிழைக்கும். அந்தச் சாப்பாடு அடுப்பை விட்டு இறங்கி எவ்வளவு நேரம் ஆயிற்று என்று கேளுங்கள். கண்ணெதிரே கல்லில் வெந்து, விரல் பொறுக்காத சூட்டோடு தட்டுக்கு வரும் ரொட்டி சானாயை எந்தக் கடையிலும் தைரியமாகச் சாப்பிடலாம். அதே காலையில் பெரிய ஓட்டலின் பஃபே மேசையில் மூன்று மணி நேரமாக வெதுவெதுப்பாகக் கிடக்கும் முட்டைப் பொரியலை அப்படி நம்ப முடியாது. பசியாறும் இடத்தின் விலையும் பளபளப்பும் வயிற்றுக்குக் காப்பு ஆவதில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு: "நம்ம ஊர்த் தண்ணியைக் குடிச்சு வளர்ந்த வயிறு, இது என்ன செய்துடும்?" இதில் பாதி உண்மை. சிறு வயதிலிருந்தே சந்தித்துவந்த ஈ.கோலை வகைகளுக்கு எதிராக உடம்பில் ஓரளவு எதிர்ப்பு இருக்கும். நோரோவைரஸுக்கும், கடல் உணவில் வரும் விப்ரியோவுக்கும், கோழிக்கறியில் வரும் கேம்பிலோபேக்டருக்கும் அந்த எதிர்ப்பை நம்பி இறங்கக் கூடாது. சிங்கப்பூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர்களுக்குப் பழைய எதிர்ப்பும் தேய்ந்துபோயிருக்கும். கூட வரும் கைக்குழந்தைக்கும் பாட்டிக்கும் இந்தப் பேச்சே பொருந்தாது.

கடிகாரம் காட்டிக்கொடுக்கும்

பயணிகளின் வயிற்றுப்போக்கில் பத்துக்கு எட்டு, ஒன்பது பாக்டீரியாவால் வருவது என்பது பயண மருத்துவத்தில் நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. மிச்சம் வைரஸும் ஒட்டுண்ணியும். எந்தக் கிருமி என்று ஆய்வகம்தான் உறுதியாகச் சொல்லும். ஆனாலும் சாப்பிட்ட நேரத்துக்கும் முதல் வாந்தி அல்லது முதல் பேதிக்கும் இடையில் எவ்வளவு மணி நேரம் என்று பார்த்தாலே நல்ல துப்புக் கிடைத்துவிடும்.

ஒன்றிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள், வயிற்றுப்போக்கைவிட வாந்தியே முந்திக்கொண்டு வந்தால், அது பெரும்பாலும் உணவில் ஏற்கெனவே ஊறிவிட்ட நஞ்சு. சமைப்பவர் கையிலிருந்து வரும் ஸ்டெஃபைலோகாக்கஸ், சோற்றில் வளரும் பேசில்லஸ் சீரியஸ் ஆகிய இரண்டும் இதில் முக்கியம். பேசில்லஸ் சீரியஸின் வித்து சோறு கொதிக்கும்போதும் சாவதில்லை. வடித்த சோறு சூடு தணிந்து வெளியே கிடக்கக் கிடக்க வித்து முளைத்து நஞ்சைச் சுரக்கிறது. அதன்பின் அந்தச் சோற்றை எவ்வளவு சூடாக வறுத்து நாசி கோரெங் ஆக்கினாலும் வாந்தியை வரவைக்கும் நஞ்சு அழியாது. விடியற்காலையில் கட்டி, பதினோரு மணிக்கும் மேசையில் அடுக்கியிருக்கும் நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தை நான் தொடுவதில்லை. ஏழு மணிக்கு அதே பொட்டலம் அருமையான சாப்பாடு.

எட்டிலிருந்து பதினாறு மணி நேரத்தில், வாந்தி அதிகமின்றி வயிற்றைப் பிசைந்துகொண்டு தண்ணீராகப் போனால், பெரிய அண்டாவில் சமைத்து மெதுவாக ஆறிய கறியைச் சந்தேகிக்கலாம். கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற கிருமிக்குக் கல்யாண வீட்டு ஆட்டுக்கறி அண்டாவின் அடிப்பகுதி பிடித்தமான இடம். பெரும்பாலும் ஒரு நாளில் அடங்கிவிடும்.

பன்னிரண்டிலிருந்து நாற்பத்தெட்டு மணி நேரத்தில் வாந்தியும் பேதியும் சேர்ந்து வந்து, மறுநாள் அறைத் தோழருக்கும் தொற்றினால் நோரோவைரஸ். பள்ளிச் சுற்றுலா, குடும்பக் கூட்டம், உல்லாசக் கப்பல் என்று மக்கள் நெருங்கியிருக்கும் இடமெல்லாம் அதற்கு வாய்ப்பு. பையில் வைத்திருக்கும் கை சுத்திகரிப்பு ஜெல் இதனிடம் சரியாக வேலை செய்யாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். சல்மோனெல்லா, விப்ரியோ, பயணிகளை அதிகம் வாட்டும் நஞ்சு சுரக்கும் ஈ.கோலை எல்லாம் ஏறக்குறைய இதே கால அளவில் தொடங்கி மூன்று நாள்வரை எடுத்துக்கொள்ளும்.

இரண்டிலிருந்து ஐந்து நாள் கழித்துக் காய்ச்சலும் கடுமையான வயிற்றுவலியும் சில சமயம் ரத்தமும் வந்தால் கேம்பிலோபேக்டர் நினைவுக்கு வர வேண்டும். உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் கோழி சாத்தே (குச்சியில் சுட்ட கறி) இதற்கு ஒரு வழி. ரத்தமும் சளியுமாகப் போகிற சீதபேதிக்கு ஷிகெல்லாவும் காரணமாகலாம். இவையெல்லாம் தாண்டி, ஊர் திரும்பி ஒன்று முதல் மூன்று வாரம் கழித்து, முட்டை நாற்றமடிக்கும் ஏப்பம், உப்புசம், எண்ணெய் மிதக்கும் மலம் என்று இழுத்துக்கொண்டே போனால் ஜியார்டியாவாக இருக்கலாம். அமீபாவும் டைபாய்டும் இப்படித் தாமதித்தே வரும். டைபாய்டில் பேதியைவிட விடாத காய்ச்சலே முக்கிய அடையாளம்.

தட்டுக்கு வருமுன்

மதியம் இரண்டரை மணிக்கு ஒரு கலப்புச் சாதக் கடையின் முன் நின்று பாருங்கள். பதினைந்து இருபது தட்டுகள் வரிசையாக இருக்கும். கறியின் மேல் எண்ணெய் அசையாமல் படலம் கட்டியிருக்கிறதா? கரண்டியை விட்டுக் கிளறும்போது அடியிலிருந்து ஆவி எழுகிறதா? புதிதாகச் சமைத்துக் கொண்டுவருவதைப் பழைய மிச்சத்தின் மேலேயே கொட்டுகிறார்களா, தட்டை மாற்றுகிறார்களா? தட்டுக்கு அடியில் சுடுதண்ணீர் இருக்கிறதா, வெறும் மேசையா? 5 டிகிரிக்கும் 60 டிகிரி செல்சியஸுக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். ஜொகூரின் பகல் வெப்பம் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது. தேங்காய்ப்பால் சேர்த்த குழம்பு இன்னும் சீக்கிரம் கெடும். அந்த நேரத்தில் அங்கே பொரித்துக்கொண்டிருக்கும் மீனையோ, கேட்டவுடன் போட்டுத் தரும் முட்டையையோ வாங்கிக்கொள்வதே நல்லது.

சுவரில் A, B, C என்ற தர அட்டை தொங்கும். நகராண்மைக் கழகம் சோதனை செய்து தரும் தரம் அது. மலேசியாவில் உணவைக் கையாளுகிறவர்கள் டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும், அதற்கான பயிற்சி வகுப்பும் முடித்திருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் உணவுத் தூய்மை விதிமுறைகள் தலையை மூடுவதையும் மேலங்கி அணிவதையும் கட்டாயமாக்கியிருக்கின்றன. இவற்றையெல்லாம் மதிக்கிறேன். ஆனால் அட்டை சோதனை நடந்த நாளைச் சொல்கிறது, நீங்கள் சாப்பிடும் மதியத்தைச் சொல்வதில்லை. பணம் வாங்கிய கையாலேயே வெள்ளரிக்காயை அள்ளித் தட்டில் வைக்கிறாரா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளரிக்காய் என்றதும் லக்சா ஜொகூர் பற்றிச் சொல்லியாக வேண்டும். இந்த மாநிலத்துக்கே உரிய பெருமை அது. அரிசி நூடுல்ஸுக்குப் பதிலாக ஸ்பகெட்டி, மீனை வேகவைத்து அரைத்துத் தேங்காய்ப்பாலும் வறுத்த தேங்காயும் சேர்த்த கெட்டிக் குழம்பு, மேலே பச்சை வெள்ளரி, வெங்காயம், முளைப்பயறு, கெசும் இலை. கையால் சாப்பிட்டால்தான் ருசி என்பார்கள், உண்மைதான். குழம்பு கொதிக்கக் கொதிக்க ஊற்றப்பட்டால் அதனிடம் பயமில்லை. மேலே தூவும் பச்சைக் காய்களும் முளைப்பயறும் எந்தத் தண்ணீரில் கழுவப்பட்டன, எத்தனை நேரம் வெளியே இருந்தன என்பதுதான் கவலை. முளைப்பயறு வளரும் ஈரமும் கதகதப்பும் கிருமிக்கும் ஏற்றவை. 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை நோய் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது. நம்பிக்கையில்லாத இடத்தில் பச்சைக் காய் வேண்டாமென்று சொல்லி, குழம்பைச் சூடாகக் கேளுங்கள்.

லக்சா விஷயத்தில் பயம் வீணானதல்ல. 2018 அக்டோபரில் கெடா மாநிலத்தின் பாலிங் வட்டாரத்தில் ஒரு கடை லக்சாவைச் சாப்பிட்ட பலர் நோயுற்று, இருவர் இறந்தனர். காரணம் சல்மோனெல்லா.

அடுத்தது சிப்பி. கெராங் என்று இங்கே சொல்லும் ரத்தச் சிப்பியைச் சுடுநீரில் ஒரு முக்கு முக்கி, உள்ளே சிவப்புச் சாறு நிற்கும்படி சாப்பிடுவது பலருக்கும் பிடிக்கும். சிப்பி கடல்நீரை வடிகட்டியே உணவு தேடுகிறது. அந்த நீரில் இருக்கும் கிருமியும் அதன் உடலில் சேரும். 1988இல் ஷாங்காயில் இதே குடும்பத்துச் சிப்பியை அரைவேக்காடாகச் சாப்பிட்டு ஏறக்குறைய மூன்று லட்சம் பேருக்கு ஹெபடைடிஸ் ஏ வந்தது. விப்ரியோ பாராஹீமோலிட்டிகஸ் என்ற கிருமியே 1950இல் ஜப்பானின் ஒசாகாவில் சிறு மீன் சாப்பிட்டு 20 பேர் இறந்த நோய்ப்பரவலில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. ஜொகூரின் கடலோர ஊர்களான குக்குப்பிலும் கோங் கோங்கிலும் மீன், நண்டு, இறாலை நன்றாக வேகவைத்து ஆசைதீரச் சாப்பிடுங்கள். அரைவேக்காட்டுச் சிப்பியை மட்டும், யார் வற்புறுத்தினாலும் ஒதுக்குங்கள். கல்லீரல் நோயுள்ளவர்களுக்கு அது உயிருக்கே உலை வைக்கும்.

தண்ணீர், ஐஸ், தீவு, வெள்ளம்

ஜொகூரின் குழாய்த் தண்ணீர் குளோரின் போட்டுச் சுத்திகரிக்கப்பட்டது. ஆனாலும் அது கட்டடத்தின் மொட்டைமாடித் தொட்டியில் தங்கித்தான் உங்கள் குழாய்க்கு வருகிறது. காய்ச்சியோ வடிகட்டியோ குடிப்பது உள்ளூர் வழக்கம், பயணியும் அதையே பின்பற்றலாம். கடையில் 'சுவாம்' என்று கேட்டால் வெதுவெதுப்பான தண்ணீர் தருவார்கள்.

ஐஸ் பற்றிய பயம் பாதி தேவையற்றது. நடுவில் ஓட்டையோடு உருளையாக வருவது தொழிற்சாலையில் செய்த குழாய் ஐஸ், பொதுவாக நல்லது. அதை எப்படி எடுக்கிறார்கள் என்று கவனியுங்கள். கைப்பிடி வைத்த அள்ளி ஐஸ் பெட்டிக்கு வெளியே தொங்கினால் சரி. கண்ணாடிக் குவளையையே உள்ளே விட்டு அள்ளினாலோ, அதே பெட்டியில் மீன் கிடந்தாலோ, தேத்தாரிக் டீயைச் சூடாகவே குடியுங்கள். ஐஸ் கச்சாங்குக்குச் சீவும் பெரிய கட்டி, எதில் சுற்றி, எங்கே இறக்கிவைத்து வந்தது என்பது அந்தக் கடையைப் பொறுத்தது.

மெர்சிங்கிலிருந்து படகேறி ரவா தீவுக்கோ, பகாங்கைச் சேர்ந்த தியோமானுக்கோ போகிறவர்கள் தண்ணீரில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2011, 2012 ஆண்டுகளில் தியோமானில் விடுமுறை கழித்துத் திரும்பிய வெளிநாட்டுப் பயணிகள் பலர் காய்ச்சலும் தாங்க முடியாத தசைவலியுமாகத் தத்தம் நாட்டு மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது சார்கோசிஸ்டிஸ் என்ற ஒட்டுண்ணி தெரிந்தது. 2012இல் பங்கோர் தீவுக்குப் போன ஒரு கல்லூரிக் குழுவிலும் ஏறக்குறைய அனைவருக்கும் அதே நோய். அங்கே கண்ட வகை பாம்பின் குடலில் வாழ்வது, பாம்புக் கழிவு கலந்த தண்ணீர் அல்லது உணவு வழியாக வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. வயிற்றுப்போக்கு அந்த நோயின் முக்கிய முகமல்ல. ஆனால் வாய் வழியாகப் புகும் இன்னொரு நோய் என்பதால் இங்கே சொல்கிறேன். தீவுகளில் ஓடைத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். ஊர் திரும்பிச் சில வாரத்தில் காய்ச்சலோடு உடம்பு முறித்தால், தீவுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வெள்ளம் வரலாம். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி, சிகாமட், குளுவாங், பத்து பஹாட் பகுதிகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 2023 மார்ச்சில் யோங் பெங், பத்து பஹாட் பக்கம் மீண்டும் பெருவெள்ளம். அப்படிப்பட்ட வாரத்தில் பாட்டில் தண்ணீர், பொட்டலம் பிரிக்காத உணவு இரண்டையும் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். வெள்ளநீர் பட்ட கைகளைக் கழுவாமல் சாப்பாட்டைத் தொடவும் வேண்டாம்.

ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும் கடற்பாலம் பற்றியும் ஒரு வார்த்தை. வார இறுதியில் சிங்கப்பூருக்குத் திரும்பும் கார் வரிசை மணிக்கணக்கில் நகராது. ஜொகூர் பாருவில் கட்டிக்கொண்ட கோழிச்சோறு அந்த நேரமெல்லாம் பின்சீட்டில் வெதுவெதுப்பாக இருக்கும். அதை இரவு வீட்டில் பிரித்துக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள். கட்டிக்கொண்டு போவதானால் ஐஸ் பையோடு கொண்டுபோங்கள், இல்லையேல் இங்கேயே சாப்பிட்டு முடியுங்கள்.

வந்துவிட்டால்

எந்தக் கிருமியானாலும் முதல் மருந்து ஒன்றே: உப்பும் சர்க்கரையும் அளவாகக் கலந்த தண்ணீர். 1971இல் வங்கதேசப் போரில் மேற்கு வங்கத்தின் பங்காவ் முகாமுக்கு வந்து குவிந்த அகதிகளிடையே காலரா பரவியபோது, ஊசி வழியாக ஏற்றும் திரவம் தீர்ந்துபோனது. மருத்துவர் திலீப் மகாலனாபிஸ் உப்பையும் குளுக்கோஸையும் சமையல் சோடாவையும் கலந்து டிரம்களில் வைத்துக் குடிக்கக் கொடுத்தார். முகாமில் நூற்றுக்கு இருபது முப்பதாக இருந்த சாவு, அவர் பார்வையில் இருந்தவர்களிடையே 3.6ஆகக் குறைந்தது. இன்று ஜொகூரின் எந்த ஃபார்மசியிலும் அத்தகைய கலவை ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டாகக் கிடைக்கிறது. நான்கைந்தைப் பையில் போட்டுக்கொண்டே கிளம்புங்கள். பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவுத் தண்ணீரில் கரைக்க வேண்டும், கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பாக்கெட் இல்லாத இடத்தில், ஒரு லிட்டர் காய்ச்சிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், கரண்டி தலைதட்டி, சேர்த்துக் கலக்கலாம்.

இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு ஒவ்வொரு முறை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேற்பட்ட குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்குத் தாகம் தீரும் மட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாக மீண்டும் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. சோற்றுக்கஞ்சி, வாழைப்பழம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடல் ஆறும் என்பது தவறு.

மலேசியாவில் வயிறு கெட்டால் உடனே 100 பிளஸ் என்ற விளையாட்டுப் பானத்தை வாங்கிக் கொடுப்பார்கள். வியர்வை சிந்தி விளையாடியவருக்கு அது சரி. பேதியில் இழந்த உப்பை ஈடுசெய்ய அதில் உப்புப் போதாது, சர்க்கரையோ அதிகம். கடைகளில் விற்கும் கறுப்புக் கரி மாத்திரையும் வழக்கமான வீட்டு வைத்தியம். அது மற்ற மருந்துகளையும் உறிஞ்சிவிடும் என்பதால் கூடவே எடுக்கும் மாத்திரைகளிலிருந்து சில மணி நேரமாவது விலக்கி வையுங்கள். லோபரமைடு பேதியைக் கட்டிப்பிடிக்கும், நீண்ட பேருந்துப் பயணத்துக்கு உதவும். ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் அதைத் தொடவே கூடாது. சிறு குழந்தைகளுக்கும் கூடாது.

இப்போது, ஊரிலிருந்து கொண்டுவரும் ஆன்டிபயாட்டிக் பட்டை. தமிழ்நாட்டு மருந்துக்கடையில் ஓஃப்ளாக்சசினும் ஆர்னிடசோலும் சேர்ந்த மாத்திரையை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் ஏராளம். தென்கிழக்கு ஆசியாவின் கேம்பிலோபேக்டர் அந்த வகை மருந்துக்குப் பெருமளவு மசிவதில்லை. அதனால்தான் இப்பகுதியில் மருத்துவர்கள் பெரும்பாலும் அசித்ரோமைசினைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சாதாரணப் பேதிக்கு எந்த ஆன்டிபயாட்டிக்கும் தேவையில்லை, பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தானே நிற்கும். தேவையில்லாமல் விழுங்கினால், மருந்துக்கு அடங்காத கிருமிகளைக் குடலில் சுமந்துகொண்டு வீடு திரும்பும் வாய்ப்பு கூடுகிறது.

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது மெட்ஃபார்மின், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, சில ரத்த அழுத்த மாத்திரைகள் சிறுநீரகத்துக்குக் கெடுதல் செய்யக்கூடும். எவற்றை எத்தனை நாள் நிறுத்திவைப்பது என்று கிளம்புமுன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்.

மலத்தில் ரத்தம், 38.5 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, அரிசி கழுவிய தண்ணீர்போல் ஓயாமல் போகிறது, குழந்தையின் கண் குழிந்து மயங்கிக் கிடக்கிறது, நோயாளி கர்ப்பிணி: இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. ஜொகூர் பாருவில் சுல்தானா அமினா மருத்துவமனையும் பண்டானில் சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனையும் அரசு மருத்துவமனைகள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல், பயணக் காப்புறுதிச் சீட்டைக் கையோடு வைத்திருங்கள். சிறிய தொந்தரவுக்குப் பக்கத்துத் தனியார் கிளினிக் போதும். ஆம்புலன்ஸுக்கு 999. 'சிரிட் பிரிட்' என்று சொன்னால் பேதி என்று எந்தத் தாதிக்கும் புரியும், 'முந்தா' என்றால் வாந்தி.

சேர்ந்து சாப்பிட்ட இருவருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ ஒன்றாக வந்தால், மீந்த பொட்டலத்தை எறியாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். கடையின் பெயர், சாப்பிட்டவை, சாப்பிட்ட நேரம், முதல் வாந்தி அல்லது பேதி வந்த நேரம், நோயுற்றவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுங்கள். 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டப்படி உணவு நஞ்சாதலை அவர் 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். அலுவலர்கள் கடைக்குப் போய் உணவு மாதிரி எடுப்பார்கள். தூய்மையில்லாத கடையை 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்கீழ் 14 நாள்வரை மூடிவைக்கும் அதிகாரமும் அவர்களுக்கு உண்டு. மறுநாள் அதே அண்டாவிலிருந்து சாப்பிட இருந்தவர்களைக் காப்பாற்ற உங்கள் தாளில் உள்ள அந்த இரண்டு நேரங்கள்தான் அவர்களுக்கு முதலில் தேவைப்படும்.